தங்கவயலின் பாறைகள்

வேற்று மாநிலங்களில் வாழும் தமிழர் இருவர் புகைவண்டியிலோ சந்தையிலோ முதன்முறையாகச் சந்தித்தால், பெயரைக் கேட்பதற்கு முன்னரே, "நீங்கள் எந்த ஊர்?" என்று கேட்டுக்கொள்வது வழக்கம். அதற்கு விடை கிடைத்ததும், "பூர்விகம் எது?" என்ற அடுத்த வினா பிறக்கும். மும்பையில் பிறந்தவருக்குத் திருநெல்வேலி பூர்விகமாக இருக்கும். கோலார்த் தங்கவயலில் பிறந்தவருக்கு வட ஆர்க்காடோ சேலமோ பூர்விகமாக இருக்கும். நிலவியலறிஞர் ஒரு கல்லைக் கையில் எடுத்தவுடன் கேட்கும் வினாக்களும் இவ்விரண்டே. இக்கல் இப்பொழுது யாது? இதற்கு முன் இஃது யாதாக இருந்தது? முதல் வினாவுக்குக் கண்ணும் ஒரு சிறு சுத்தியலும் போதும். இரண்டாவது வினா எளிதன்று. அதற்கு விடை தேடும் விதத்தை அறிந்துகொள்ளத் தென்னாட்டில் தங்கவயலைப்போல் பொருத்தமான இடம் அரிது. நம் மக்கள் நான்கைந்து தலைமுறையாகத் துளையிட்டும் வெடித்தும் சுமந்தும் அறிந்த பாறைகள் அங்கே உள்ளன.

பாறைகளை நிறத்தைக் கொண்டு வகைப்படுத்துவதில்லை. கரியதாக இருப்பதையெல்லாம் கருங்கல் என்று நாம் வழங்குகிறோம். ஆயினும் அவை யாவும் ஓரினம் ஆகா. பிறந்த முறையைக் கொண்டே பாறைகள் மூவகையாகப் பிரிக்கப்படுகின்றன. பூமியின் உட்பகுதியில் உருகிய குழம்பு குளிர்ந்து இறுகியது தீப்பாறை. மும்பையில் வாழ்வோர் நாள்தோறும் காணும் கரும்பாறை இவ்வினத்தது, ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மேற்கிந்தியாவின் பெரும்பரப்பை மூடிய எரிமலைக் குழம்பே அவ்வாறு இறுகி நிற்கிறது. ஆறும் காற்றும் கடலும் கொணர்ந்து சேர்த்த மணலும் சேறும் அடுக்கடுக்காகப் படிந்து கெட்டிப்பட்டது படிவுப்பாறை. தில்லிச் செங்கோட்டையின் மதில்களில் உள்ள செம்மணற்கல் இதற்குச் சான்று. இவ்விரண்டில் எதுவாயினும் ஆழத்தில் புதையுண்டு, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும், உருகாமலே, திண்மமாக இருக்கும்பொழுதே தன் படிகங்களை மாற்றிக்கொள்ளுமாயின் அதனை உருமாறிய பாறை என்பர். தாஜ்மகாலின் மக்ரானாச் சலவைக்கல் முன்பு சுண்ணாம்புக்கல்லாக இருந்தது. தில்லியில் முட்செடிகளுக்கிடையே மேடாக ஓடும் பாறைத்தொடர் முன்பு மணற்கல்லாக இருந்தது. கொல்கத்தாவில் வாழும் நேயர்கள் தங்கள் ஊரில் பாறையே இல்லையே என்று எண்ணலாம். அவர்கள் காலடியில் இருப்பது கங்கை கொணர்ந்த வண்டல். அஃது இன்னும் பாறை ஆகவில்லை, அவ்வளவே.

கொல்கத்தா என்றதும் வேறொரு கல் நினைவுக்கு வருகிறது. அந்நகரின் தூய யோவான் ஆலய வளாகத்தில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கில வணிகரின் கல்லறை உள்ளது. அதன்மேல் கிடத்தப்பட்ட கரிய கல் வங்கத்தது அன்று. சென்னைக்கு அருகே பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்திலிருந்து கப்பலேறிச் சென்றது. தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலறிஞர் 1893இல் அக்கல்லை ஆராய்ந்து, கல்லறைக்கு உரியவரின் பெயராலேயே அதற்குச் 'சார்னகைட்' என்று பெயரிட்டார். அவர் அதனைத் தீப்பாறை என்று கருதினார். பின்னர் வந்தோருள் பலர் அதனை மிகுந்த வெப்பத்தில் உருமாறிய பாறை என்றனர். இருவகையாலும் அது பிறக்கக்கூடும் என்பது இன்று பெரிதும் ஏற்கப்படும் கருத்து. ஒரு கல்லை மூன்று பெட்டிகளுள் ஒன்றில் இட்டு மூடிவிடுவது அவ்வளவு எளிதன்று என்பதற்கே இதனைக் கூறினோம். தமிழகத்திலிருந்து வங்கம் சென்று குடியேறிய அக்கல்லை அந்நகர்த் தமிழர் ஒருமுறை சென்று காணலாம்.

இனித் தங்கவயலுக்குச் செல்வோம். முன்பு பௌரிங்பேட்டை என வழங்கிய பங்காருப்பேட்டையில் இறங்கி, மாரிகுப்பம் செல்லும் கிளை வண்டியில் ஏறினால், கோரமண்டல், ஊரிகம், சாம்பியன் என்று வரும் நிறுத்தங்களின் பெயர்களே பாதி வரலாற்றைச் சொல்லிவிடும். வண்டியின் சாளரத்தின் வழியே முதலில் தென்படுவன வெளிறிய சாம்பல் நிறக் குன்றுகள். அவை நைஸ் என்னும் பாறையால் ஆனவை. வெள்ளையும் கருமையுமாக வரிகள் ஓடுவது அதன் அடையாளம். பெங்களூரு லால்பாக் தோட்டத்தினுள் கெம்பேகௌடர் கோபுரம் நிற்கும் பெரும்பாறையும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. அதன் அகவை ஏறத்தாழ 300 கோடி ஆண்டு என்று மதிப்பிடப்பட்டுள்ளது. தென்னிந்தியாவின் பெரும்பகுதிக்கு அடித்தளமாக இருக்கும் இப்பாறைத்தொகுதிக்குத் 'தீபகற்ப நைஸ்' என்ற பெயரை 1916இல் இட்டவர் மைசூர் நிலவியல் துறையைச் சேர்ந்த ஸ்மீத் என்பவர். அவர் பெயர் இக்கட்டுரையில் மீண்டும் வரும்.

இச்சாம்பல் நிறப் பரப்பின் நடுவே வடக்குத் தெற்காக ஒரு கரிய நாடாவைப் பதித்ததுபோல வேறொரு பாறை கிடக்கிறது. அதன் நீளம் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். அகலம் சில கிலோமீட்டர்தான். அதன் தென்முனை ஆந்திரத்திற்குள் சென்று, தமிழகத்தின் கிருஷ்ணகிரிப் பக்கத்தையும் தொடுகிறது. தார்வார்த் தொகுதி என்று ராபர்ட் புரூஸ் பூட் பெயரிட்ட பழம்பாறைகளுள் இதுவும் ஒன்று. (பல்லாவரத்தில் 1863இல் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தவரும் இதே பூட்தான்.) தங்கவயலின் சுரங்கங்கள் யாவும் இக்கரிய நாடாவுக்குள்ளேயே இருந்தன. நாடாவுக்கு வெளியே ஒரு முழம் தள்ளித் தோண்டியவருக்கு உழைப்பே மிஞ்சியது.

அந்தக் கரிய பாறையை ஒரு துண்டு எடுத்து வெயிலில் பிடித்தால், கரும்பச்சை ஊசிகள் ஒரே திசையில் படுத்திருப்பதுபோல் மின்னும். அவ்வூசிகளுக்கு ஹார்ன்பிளெண்டு என்று பெயர். பாறைக்கு ஹார்ன்பிளெண்டு சிஸ்ட் என்று பெயர். ஊசிகள் ஒருதிசை நோக்கிப் படுத்திருப்பதே அழுத்தத்துக்கு உட்பட்டதன் அடையாளம். எனவே அஃது உருமாறிய பாறை. முதல் வினாவுக்கு விடை கிடைத்துவிட்டது. பூர்விகம் எது?

சுரங்கங்கள் இருந்த பகுதிக்கு அண்மையில் பெத்தப்பள்ளி என்னுமிடத்தில் அதற்கு விடை கிடைக்கிறது. அங்கே பாறையின்மேல் தலையணைகளை அடுக்கிவைத்தாற்போன்ற வடிவங்கள் காணப்படுகின்றன. எரிமலைக் குழம்பு நீருக்கடியில் வெளிப்பட்டால், அதன் புறத்தோல் நீர் பட்டவுடன் உறைந்துவிடும். உள்ளே இருக்கும் குழம்பு அத்தோலைப் பிதுக்கிக்கொண்டு உருண்டையாக வெளிவந்து, அதுவும் உறையும். ஒன்றன்மேல் ஒன்றாக இவ்வாறு உறைந்த உருண்டைகளே அத்தலையணைகள். இன்றும் ஹவாய்த் தீவுகளைச் சூழ்ந்த கடலில் இது நிகழ்வதை மூழ்குவோர் நேரில் கண்டு படம் பிடித்துள்ளனர். ஆகவே தங்கவயல் இருக்குமிடத்தில் ஏறத்தாழ 270 கோடி ஆண்டுகளுக்கு முன் நீர்ப்பரப்பு இருந்தது. அதன் அடியில் எரிமலைக் குழம்பு பொங்கியது. இன்று கடல்மட்டத்துக்கு 800 மீட்டருக்கும் மேலே, குடிநீருக்கே தவிக்கும் ஊரில் இதனைச் சொன்னால் கேட்போர் நகைப்பர். ஆயினும் கல்லில் உள்ள சான்று தெளிவானது. இந்திய நிலவியல் ஆய்வுத்துறை இவ்விடத்தைத் தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவித்துள்ளது.

மும்பையின் கரும்பாறையும் தங்கவயலின் கரும்பாறையும் பிறப்பால் உறவினர் என்பது இதனால் விளங்கும். முன்னது பிறந்தபடியே இருக்கிறது. பின்னது மண்ணுக்கடியில் பத்துக் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்துக்கு அமிழ்ந்து, 500 டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பத்தில் நெடுங்காலம் கிடந்தது. அப்பொழுது அதனுள் இருந்த பைராக்சீன் முதலிய கனிமங்கள் சிறிதளவு நீரை உட்கொண்டு ஹார்ன்பிளெண்டாக மாறின. பாறை உருகவில்லை. அதன் மொத்தப் பொருளும் பெரிதாக மாறவில்லை. அரிசி அரிசியாகவே இருந்து சோறாவதுபோல், அதே பொருள் வேறு கட்டமைப்பைப் பெற்றது. ஆயின் இங்கே அடுப்பு கோடிக்கணக்கான ஆண்டு எரிந்தது என்பது ஒன்று.

இக்கரிய பாறைக்கு இடையிடையே, செம்மையும் கருமையும் மாறிமாறி வரும் இரும்புவரிப் பாறை உண்டு. அதன் பூர்விகம் வேறு. எரிமலை ஓய்ந்திருந்த காலங்களில் நீரில் கரைந்திருந்த இரும்பும் சிலிக்காவும் மெல்லிய அடுக்குகளாகப் படிந்தன. அஃதாவது, அது படிவுப்பாறையாகப் பிறந்து, அண்டைப் பாறையோடு சேர்ந்தே புதையுண்டு, சேர்ந்தே உருமாறியது. எனவே தங்கவயலில் ஒரே தெருவில் வாழும் இரு குடும்பங்களைப்போல், ஒன்று தீப்பாறை வழியிலும் மற்றொன்று படிவுப்பாறை வழியிலும் வந்து, இரண்டும் உருமாறிய பாறை என்ற ஒரே பெயரைத் தாங்கி நிற்கின்றன.

தங்கம் எங்கே இருந்தது? கரும்பாறை முழுதும் அது பரவியிருக்கவில்லை. பாறை மடிந்து பிளந்தபொழுது, ஆழத்திலிருந்து மிகுந்த வெப்பமுள்ள நீர் அப்பிளவுகளின் வழியே மேலே ஏறியது. அந்நீரில் சிலிக்காவும் கந்தகச் சேர்மங்களும், அவற்றோடு மிகமிகச் சிறிய அளவில் தங்கமும் கரைந்திருந்தன. நீர் குளிர்ந்து அழுத்தம் குறைந்ததும், சிலிக்கா வெண்மையான குவார்ட்ஸாகப் படிந்து பிளவை நிரப்பியது. தங்கமும் அதனுடன் தங்கிவிட்டது. இதுவே சுரங்கத்தார் 'ரீஃப்' என்று வழங்கிய படிகக் கல்நரம்பு. அவற்றுள் தலைசிறந்தது சாம்பியன் ரீஃப். வடக்குத் தெற்காக ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நீளத்துக்கு அதனைத் தொடர்ந்து வெட்டினர். அதன் அகலமோ சராசரியாக ஒரு மீட்டர்தான். மேற்பரப்பில் மேற்கு நோக்கிச் சாய்ந்திருந்த அது, ஆழம் செல்லச் செல்ல ஏறக்குறையச் செங்குத்தாக நின்றது. அதனைப் பின்தொடர்ந்தே மனிதன் 3 கிலோமீட்டருக்கும் மேல் கீழே இறங்கினான்.

தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்டில் 1886இல் கண்டுபிடிக்கப்பட்ட தங்கம் இவ்வாறு கல்நரம்பில் இருப்பதன்று. அங்கே பழங்கால ஆறுகள் கொணர்ந்த கூழாங்கற்கள் படிந்து இறுகிய பாறைக்குள் தங்கம் கிடக்கிறது. பொருள் ஒன்றே. ஆனால் அங்கே படிவை அளந்து ஆற்றின் போக்கைத் தேடவேண்டும். இங்கே மடிப்பையும் பிளவையும் தேடவேண்டும். பாறையின் வகையை அறியாமல் தோண்டுவது, முகவரி இல்லாத கடிதத்தை வீடுவீடாகக் கொண்டுசெல்வது போன்றதாகும்.

இவை எல்லாவற்றுக்கும் இளையது இன்னொரு பாறை. கரும்பாறையையும் ரீஃபையும் குறுக்கே வெட்டிக்கொண்டு, சுவர்போல நிற்கும் டாலரைட் அது. மற்றவை உருமாறி ஓய்ந்த பின்னர், புதிதாக ஏறிவந்த குழம்பு பிளவுகளில் உறைந்து உண்டானது. ஆதலின் அது பெரும்பாலும் பிறந்தபடியே தீப்பாறையாக இருக்கிறது. ஒன்றை மற்றொன்று வெட்டிச் சென்றால் வெட்டியதே இளையது என்பது நிலவியலின் எளிய விதி.

நிலவியலறிஞரின் வகைப்பாடு இவ்வாறிருக்க, சுரங்கத்துள் இறங்கியவரின் வகைப்பாடு வேறாக இருந்தது. வெள்ளைக்கல் ரீஃப், அதில் சோறு உண்டு. கருங்கல் கழிவு, அதனை வெட்டித் தள்ளவேண்டும். இவ்வகைப்பாட்டை நாம் எளிதாக எண்ணிவிடலாகாது. மங்கிய விளக்கொளியில், பாறையின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டிய ஆழத்தில், வெண்மையின் நடுவே எந்தக் கரும்புள்ளி நல்லது, எது வெறுங்கல் என்று கண்டறிந்தவர் எந்தக் கல்லூரியிலும் பயின்றவர் அல்லர்.

அவர்களுக்கு இன்னொரு வகைப்பாடும் இருந்தது. ஓசை எழுப்பும் பாறை, ஓசை எழுப்பாத பாறை என்பதே அது. மூன்று கிலோமீட்டர் ஆழத்தில், மேலே உள்ள பாறையின் எடை ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 900 கிலோகிராம் ஆகும். நம் கட்டைவிரல் நகத்தின்மேல் ஒரு மாட்டுவண்டிச் சுமை நிற்பதாக எண்ணிக்கொள்ளலாம். ரீஃபை வெட்டி எடுத்தபின் எஞ்சும் வெற்றிடத்தை நோக்கி இருபுறச் சுவர்களும் நெருங்கும். மென்மையான பாறையாயின் மெல்ல வளைந்து கொடுக்கும். ஹார்ன்பிளெண்டு சிஸ்ட்டும் குவார்ட்ஸும் டாலரைட்டும் வளைந்து கொடுப்பவை அல்ல. அவை சுமையை வில்லைப்போல் உள்ளே தேக்கிவைத்துக்கொண்டு, தாங்காத நொடியில் வெடித்துச் சிதறும். ஆங்கிலேயப் பொறியாளர் தொடக்கத்தில் இதனைக் 'காற்று வெடிப்பு' என்றே குறித்தனர். வெடிப்பினால் சுரங்க வழிகளில் காற்று சீறிப் பாய்ந்ததே அதற்குக் காரணம். மேலே குறிப்பிட்ட ஸ்மீத் 1904இல் தங்கவயலின் இவ்வெடிப்புகளையும் அதிர்வுகளையும் பற்றித் தனி அறிக்கை எழுதினார். 1912இல் நில அதிர்வுமானியும் அங்கு நிறுவப்பட்டது. குற்றவாளி காற்றன்று, பாறையே என்பது தெளிந்த பின்னரும் வெடிப்பு நிற்கவில்லை. மேலே குவளைகள் நடுங்கினால் ஊர் முழுவதும் தூக்குக்கூண்டு இருக்கும் திசையை நோக்கி ஓடிய நாள்களைத் தங்கவயலில் வளர்ந்த முதியோர் இன்றும் மறக்கவில்லை.

வெடிப்பைத் தடுக்க அவர்கள் கைக்கொண்ட வழிகளுள் ஒன்று வியப்புக்குரியது. மேற்பரப்பில் வெட்டிச் செதுக்கிய வெளிறிய கிரானைட் கற்களைக் கீழே இறக்கி, ரீஃப் இருந்த வெற்றிடத்தில் சாந்தின்றி அடுக்கிச் சுவராக எழுப்பினர். உருகிப் பிறந்த ஒரு கல்லை, நீரில் படிந்த ஒரு கல்லின் இடத்தில் வைத்து, உருமாறிய மூன்றாவது கல்லைத் தாங்கச் செய்தனர். அச்சுவர்களைக் கட்டிய கைகளுள் பெரும்பாலானவை தமிழகத்துக் கைகள்.

பாறை வெடித்துக் கொன்றது ஒருபுறம்; தூளாகிக் கொன்றது மறுபுறம். குவார்ட்ஸைத் துளையிடுங்கால் எழும் நுண்தூசி நுரையீரலில் சென்று படிந்தால் வெளியேறாது. அதனைச் சுற்றித் தழும்பு வளர்ந்து, மூச்சு குறுகும். சிலிக்கோசிஸ் என்னும் இந்நோயைப் பற்றி 1940களில் தங்கவயலில் நடந்த ஆய்வில், சோதிக்கப்பட்ட ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளருள் நூற்றுக்கு நாற்பதின்மருக்கு மேல் நோயுற்றிருந்தமை தெரியவந்தது. தங்கம் தேடிச் சென்றவர் உடலில் தங்கியது தங்கத்தைச் சூழ்ந்திருந்த கல்லே. நீர் பாய்ச்சித் துளையிடும் முறை வந்தபின் தூசி குறைந்தது; முன்னரே படிந்த தூசிக்கு மருந்து இல்லை.

இத்தகைய பாறையிலிருந்து அறிவுலகுக்கு ஒரு நன்மையும் விளைந்தது. அண்டவெளியிலிருந்து வரும் கதிர்களை வடிகட்ட, நீரைப்போல் மும்மடங்கு கனமுள்ள இக்கரும்பாறை நல்ல கூரையாக அமைந்தது. 1965இல், 2 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஜப்பானிய, ஆங்கில அறிஞரும் சேர்ந்து, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோத் துகள்களின் தடத்தைக் கண்டனர். இயற்பியல் நூல்களில் 'கோலார்ப் பாறை' என்ற சொல்லாட்சியே நிலைபெற்றுவிட்டது.

ஜான் டெய்லர் குழுமத்தார் 1880இல் தொடங்கிய பெருந்தொழில் 120 ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் தங்கத்தைத் தந்தது. தொடக்கத்தில் ஒரு டன் கல்லில் 40 கிராமுக்கு மேல் கிடைத்த தங்கம், இறுதியில் மூன்று கிராம் அளவுக்குத் தேய்ந்தது. 1956இல் மைசூர் அரசின் கைக்கும், 1962இல் நடுவணரசின் கைக்கும் சென்ற சுரங்கங்கள், 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டன. நீரிறைக்கும் பொறிகள் நின்றன; ஆழங்களில் நீர் நிறைந்தது.

சுரங்கம் மூடப்பட்டதனால் பாறையின் மாற்றம் நின்றுவிடவில்லை. வெட்டியெடுத்த கல்லை மாவாக அரைத்து, சயனைடு கலந்த நீரில் தங்கத்தைக் கரைத்துப் பிரித்தபின், எஞ்சிய மாவை ஊருக்குப் பக்கத்திலேயே கொட்டினர். மூன்று கோடி டன்னுக்கு மேற்பட்ட அம்மாவு இன்று வெளிறிய மேடுகளாக நிற்கிறது. ஊரார் அவற்றைச் சயனைடு மேடு என்பர். அவற்றுள் எஞ்சிய கந்தகச் சேர்மங்கள் காற்றும் நீரும் பட்டு அமிலமாகி, மேற்பரப்பில் மஞ்சளும் பழுப்புமாகப் பொருக்குக் கட்டுகின்றன. அதனால் பல இடங்களில் புல்லும் முளைப்பதில்லை. கோடைக்காற்று மாவை வாரிக்கொண்டுபோய் வீட்டுத் திண்ணையிலும் சமையல் பாத்திரத்திலும் படியவைக்கிறது. மழைக்காலத்தில் மேட்டின் சரிவுகளில் ஓடைகள் அறுத்துச் செல்கின்றன. அறுபட்ட பக்கத்தை அருகில் சென்று நோக்கினால், சொரசொரப்பான மணல் ஒரு விரல், நுண்ணிய சேறு ஒரு விரல் என்று அடுக்குகள் மாறிமாறித் தெரியும். ஓடை கீழே சமநிலத்தை அடையுமிடத்தில் அந்த மணல் விசிறிபோல் விரிந்து கிடக்கிறது. காவிரி கடலருகே விரித்த மணலுக்கும் அதற்கும் வடிவில் வேற்றுமை இல்லை.